ஓர்க் நோட்ஸும் ஜிராவும் முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

சொந்த நோட்ஸ் ஓர்க் மோடில் (இமாக்ஸ் எடிட்டரில் தலைப்பு தலைப்பாக நோட்ஸ் எழுதும் முறை), டீமின் வேலை ஜிராவில் (ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதியும் தளம்), நடுவில் இரண்டையும் ஒத்திசைக்க ஒரு ஸ்கிரிப்ட். கொழும்புக் கம்பனிக்கோ வெளிநாட்டு டீமுக்கோ திருகோணமலையின் உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிற ஆட்கள் சந்தித்தால், தேத்தண்ணி வருவதற்கு முன்பே யாராவது ஒருவர் “நேற்று சிங்க் பண்ணினேன், டெட்லைன் எல்லாம் மாறிப்போச்சு” என்று தொடங்கிவிடுவார். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால், கண்ணில் படும் அறிகுறியை வைத்தே எழுதிவிடுகிறேன், உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போங்கள். ஓர்க்-ஜிரா போன்ற பொதியாக இருந்தாலும் நீங்களே எழுதிய பைதன் ஸ்கிரிப்டாக இருந்தாலும் பிழையின் மூலம் பெரும்பாலும் ஒன்றுதான். உதாரணங்கள் ஜிரா கிளவுட்டை வைத்து. ஜிராவுக்குப் பதில் கிட்ஹப் வைத்திருப்பவர்களுக்கு, அது வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் தானாக ஓடும் டைமரை நிறுத்துங்கள். நோட்ஸ் ஃபைலை கிட்டில் கொமிட் பண்ணுங்கள். ஸ்கிரிப்டில் எழுதும் பகுதியை மூடிவிட்டு, என்ன அனுப்பப்போகிறது என்பதை மட்டும் திரையில் காட்டச் சொல்லுங்கள். பிழை பிடிக்கும் நேரத்தில் பின்னால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் பார்ப்பது பழைய பிழையா புதிய பிழையா என்றே தெரியாது.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: எந்தத் தகவல் யாருடையது என்று முடிவு செய்திருக்கிறீர்களா? டிக்கெட்டின் தலைப்பு, நிலை, கடைசித் திகதி, யாருக்கு ஒப்படைக்கப்பட்டது, இவை டீமுடையவை, ஜிரா சொல்வதே சரி. அதற்குக் கீழே நீங்கள் எழுதும் துணைத் தலைப்புகள், குறிப்புகள், நேரக் கணக்கு எல்லாம் உங்களுடையவை, ஜிரா அவற்றைத் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் எழுதக்கூடிய தகவல் என்று ஒன்றை வைத்தால் அது என்றோ ஒருநாள் உங்கள் வேலையை அழிக்கும். இருவழி ஒத்திசைவு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்குத் தெரிந்து அதை எல்லாத் தகவலுக்கும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் ஆள் யாரும் இல்லை.

ஒன்றுமே வரவில்லை, ஆனால் பிழையும் காட்டவில்லை

இது ஆகக் குழப்பமான அறிகுறி. ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிகிறது, 200 (எல்லாம் சரி) என்று பதில் வருகிறது, பட்டியல் மட்டும் காலி. தேடல் வாக்கியத்தை மாற்றி மாற்றிப் பார்த்து மினக்கெடாதீர்கள். ஜிரா உங்களை யாரென்றே அறியாமல் பதில் சொல்லியிருக்கலாம்: உள்நுழைவு விவரம் போய்ச்சேராவிட்டால், அநாமதேய ஆளுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் அது காட்டும், அப்படியான ஆளுக்கு உங்கள் புரொஜெக்டில் எதுவும் தெரியாது. சோதிக்க லேசான வழி, ‘மைசெல்ஃப்’ என்ற ஏபிஐ முகவரியை (ஏபிஐ என்பது ஸ்கிரிப்ட்கள் ஜிராவோடு பேசும் வாசல்) அதே டோக்கனுடன் (கடவுச்சொல்லுக்குப் பதில் ஸ்கிரிப்ட் காட்டும் சாவி) கூப்பிடுவது. உங்கள் பெயர் வந்தால் டோக்கன் சரி, 401 (உள்நுழைவு ஏற்கப்படவில்லை) வந்தால் பிழை அங்கேதான்.

தனி டிக்கெட் ஒன்றைக் கேட்கும்போது 404 வந்தாலும் இதே சந்தேகம் வேண்டும். டிக்கெட் இல்லை, அல்லது பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று இரண்டுக்கும் ஒரே வசனத்தைத்தான் ஜிரா சொல்லும். கிட்ஹப்பும் அப்படித்தான், தனியார் களஞ்சியத்துக்கு அனுமதியில்லாத டோக்கனைக் காட்டினால் 403 (அனுமதி இல்லை) தராமல் 404 (அப்படி ஒன்று இல்லை) என்று கையை விரிக்கும்.

போன மாதம்வரை ஓடியது, இப்போது 401 அல்லது 410

401 என்றால் டோக்கனின் ஆயுள் முடிந்திருக்கலாம். 2024 டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு உருவாக்கிய அட்லாசியன் (ஜிராவின் கம்பனி) டோக்கன்கள் கூடியது ஒரு வருடம்தான் செல்லும். புதிதாக எடுத்து மாற்றுங்கள், காலாவதித் திகதியை நோட்ஸிலேயே ஒரு டெட்லைனாகப் போட்டுவிடுங்கள். கிளவுட்டில் மின்னஞ்சலும் டோக்கனும் சேர்ந்துதான் போகவேண்டும், கம்பனியின் சொந்த சேர்வரில் ஓடும் ஜிராவில் தனிப்பட்ட டோக்கன் ‘பெயரர்’ (Bearer) என்ற சொல்லுடன் தனியாகப் போகவேண்டும், ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை மற்றதற்கு அப்படியே கொண்டுபோனால் 401தான். சொந்த சேர்வரில் பலமுறை பிழையான விவரத்துடன் தட்டியிருந்தால் கெப்ச்சா விழுந்திருக்கும். அதற்குப் பிறகு சரியான விவரம் கொடுத்தாலும் திறக்காது, பிரவுசரில் ஒருமுறை உள்நுழைந்து அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

410 வேறு கதை, அந்த முகவரியே இப்போது இல்லை என்று பொருள். கிளவுட்டின் பழைய தேடல் முகவரியை நிறுத்தப்போவதாக 2024 ஒக்டோபரில் அறிவித்து, 2025இல் எடுத்துவிட்டார்கள். பழைய ஸ்கிரிப்ட்கள் கொத்தாக விழுந்தது இதனால்தான். புதிய முகவரிக்கு மாற்றும்போது இரண்டு விஷயத்தை வடிவாகப் பாருங்கள். ஒன்று, என்னென்ன தகவல் வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் டிக்கெட்டின் உள் இலக்கம் (திரையில் தெரியும் டிக்கெட் இலக்கம் அல்ல, ஜிரா உள்ளே வைத்திருக்கும் எண்) மட்டும்தான் வரும், தலைப்பு, நிலை எதுவும் வராது. அதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் உங்கள் தலைப்புகளை எல்லாம் வெறுமையாக்கும். இரண்டாவது, எத்தனையாவது டிக்கெட்டிலிருந்து என்று எண் கொடுத்துப் பக்கம் புரட்டுவது இனி இல்லை. ஒவ்வொரு பதிலிலும் வரும் அடுத்த பக்கத்துக்கான டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், மொத்த எண்ணிக்கையும் வராது. முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிற ஸ்கிரிப்ட் பிழை காட்டாது, சில டிக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். கிட்ஹப்பில் கேட்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30, கேட்டாலும் கூடியது 100. தவிர அங்கே இஷ்யூ (அங்கே டிக்கெட்டுக்குப் பெயர்) பட்டியலில் புல் ரிக்வெஸ்ட்களும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பவை) கலந்து வரும், வடிகட்டவேண்டும்.

டிக்கெட்டை மூடி ஒரு வாரம், என் பக்கம் இன்னும் ‘டூடூ’ (செய்யவேண்டியது)

தேடல் வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘எனக்கு ஒப்படைக்கப்பட்ட, முடியாத டிக்கெட்டுகள்’ என்றுதான் இருக்கும். டிக்கெட் முடிந்த கணத்தில் அது இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும், வெளியேறியதை யாரும் உங்கள் ஃபைலுக்குச் சொல்லமாட்டார்கள். வேறொருவருக்கு மாற்றிய டிக்கெட்டும் இப்படியே உங்கள் அஜெண்டாவில் அநாதையாகக் கிடக்கும்.

இதற்கு, ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் டிக்கெட் இலக்கங்களை எடுத்து அவற்றின் நிலையைத் தனியாகக் கேட்கும் இரண்டாவது தேடல் வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. பட்டியலில் ஒரேயொரு இலக்கம் அழிக்கப்பட்ட டிக்கெட்டாக இருந்தால்கூட முழுத் தேடலும் 400 (கோரிக்கை பிழை) என்று விழுந்துவிடும். அப்படி விழுந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு, 404 வருவதற்கு ‘காணவில்லை’ என்று ஒரு டேக் போடுங்கள். தானாக அழிக்கவிடாதீர்கள், அனுமதி மாறியதாலும் 404 வரும் என்று மேலேயே பார்த்தோம். இன்னொரு புரொஜெக்டுக்கு நகர்த்தினால் டிக்கெட்டின் இலக்கமே மாறும், உள் இலக்கம் மாறாது, ஆகவே புரொப்பர்ட்டி டிராயரில் (தலைப்புக்குக் கீழே ஓர்க் மடித்து வைக்கும் விவரப் பகுதி) இரண்டையும் எழுதி வைப்பது நல்லது.

‘கடைசியாக சிங்க் செய்த நேரத்துக்குப் பிறகு மாறியவை’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேடலில் நீங்கள் எழுதும் நேரத்தை உங்கள் ஜிரா புரொஃபைலில் உள்ள நேர வலயத்தின்படிதான் அது வாசிக்கும். புரொஃபைல் வேறு நாட்டு நேரத்தில் கிடந்தால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற அளவு மாற்றங்கள் தவறிப்போகலாம். நேரத்தைக் கொடுக்காமல் ‘கடந்த இரண்டு நாளில் மாறியவை’ என்று கேளுங்கள், வந்ததே திரும்பி வந்தால் ஒன்றும் குடி மூழ்காது.

‘டன்’ (முடிந்தது) என்று மாற்றினேன், ஜிரா 400 என்கிறது

நிலையை நேரடியாக எழுத முடியாது. அந்த நிலைக்குக் கொண்டுபோகும் ‘டிரான்சிஷன்’ எதுவோ அதன் இலக்கத்தை அனுப்பவேண்டும், எந்த டிரான்சிஷன்கள் திறந்திருக்கின்றன என்பது டிக்கெட் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள், இலக்கத்தை ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதாதீர்கள், புரொஜெக்டுக்குப் புரொஜெக்ட் அது மாறும். நேராகப் போக வழியில்லை என்றால், ரிவியூவைத் தாண்டாமல் டன்னுக்குப் போகக்கூடாது என்று டீம் வைத்த விதி அது. அதை ஸ்கிரிப்டால் சுற்றிப்போக நினைக்காமல் பிரவுசரில் கையாலேயே மாற்றுங்கள்.

ஒரே டிக்கெட் இரண்டாக நிற்கிறது

ஜிராவில் இரண்டா, உங்கள் ஃபைலில் இரண்டா என்று முதலில் பாருங்கள்.

ஃபைலில் என்றால் பெரும்பாலும் நகல் எடுத்து ஒட்டியதுதான். தலைப்பை நகலெடுக்கும்போது புரொப்பர்ட்டி டிராயரும் மடிந்து கண்ணில் படாமல் கூடவே வந்துவிடும், இப்போது இரண்டு தலைப்புகள் ஒரே டிக்கெட் இலக்கத்தை உரிமை கொண்டாடும், ஸ்கிரிப்ட் முதலில் கண்ணில் பட்டதைப் புதுப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். இலக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தி, இரண்டு தரம் வருவது எதுவென்று பாருங்கள். நகலில் டிராயரை அழித்தால் காணும்.

ஜிராவிலேயே இரண்டு என்றால் இணைப்பைச் சந்தேகிக்கவேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் கரண்ட் போய், ரவுட்டர் நின்று, டொங்கிளுக்கு மாறுகிற இடைவெளியில் நடப்பது இது: புது டிக்கெட் போடும் கோரிக்கை ஜிராவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், டிக்கெட்டும் உருவாகிவிடும், புது இலக்கத்தைச் சொல்லும் பதில் மட்டும் உங்களிடம் வராது. ஃபைலில் இலக்கம் இல்லாததால் அடுத்த முறை ஸ்கிரிப்ட் இன்னொன்றைப் போடும். கொழும்பில் ஃபைபரில் இருக்கும் சக ஊழியருக்கு இது வராது, உங்களுக்கு மட்டும் வரும், ‘உங்கட ஸ்கிரிப்ட்தான் பிழை’ என்பார். சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பதில் வராமல் போகும் என்று எதிர்பார்க்காத ஸ்கிரிப்ட் பிழைதான்.

திருத்தம் இப்படி: அனுப்புவதற்கு முன்பே தலைப்புக்கு ஓர்க் தரும் தனி ஐடியை உருவாக்கி ஃபைலைச் சேமியுங்கள். அந்த ஐடியை டிக்கெட்டில் ஒரு லேபிளாகச் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராமல் நின்றால், மறுபடி போடுவதற்கு முன் அந்த லேபிளைத் தேடுங்கள். கிடைத்தால் இலக்கத்தை எழுதிக்கொண்டு மேலே போகலாம். புதிய தேடல் முகவரி சற்றுப் பிந்தியே புது டிக்கெட்டைக் காட்டக்கூடும் என்பதால் தேடிய உடனே இல்லை என்று முடிவெடுக்காமல் கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா தேடவேண்டும். லேபிள் பட்டியல் அசிங்கமாகிறது என்று டீமில் யாராவது முறைப்பட்டால், இலக்கம் ஃபைலுக்கு வந்தபின் லேபிளைக் கழற்றிவிடலாம்.

போனிலும் அதே ஃபைலைத் திறந்து, சிங்திங் போன்ற ஒன்றால் இரண்டு பக்கமும் பரிமாறுபவர்கள் ‘சிங்க்-கொன்ஃப்லிக்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். ஜிராவோடு கதைக்கும் ஸ்கிரிப்ட் ஒரேயொரு இயந்திரத்தில்தான் ஓடவேண்டும்.

டெட்லைன் ஒவ்வொரு சிங்கிலும் ஒருநாள் முன்னே வருகிறது

இந்தப் பிழை நம் நாட்டு நேரத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். நிலாவெளிப் படகுச் சவாரி முன்பதிவுத் தளம் ஒன்றில் வேலை, டிக்கெட்டின் கடைசித் திகதி மார்ச் 10. நோட்ஸில் 10 என்று வருகிறது. அடுத்த சிங்கில் 9. அதற்கடுத்து 8. யாரும் கை வைக்கவில்லை.

அனுப்பும் தரவைத் திரையில் காட்டச் சொன்னீர்கள் அல்லவா, அதில் 18:30 என்ற நேரம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆள் அகப்பட்டான். ஜிராவின் கடைசித் திகதி வெறும் திகதி, அதற்கு நேரமே கிடையாது. ஸ்கிரிப்ட் அதை நம் நாட்டு நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொண்டு, அனுப்பும்போது யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றுகிறது. நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருப்பதால் 10ஆம் திகதி நள்ளிரவு என்பது யுடிசியில் 9ஆம் திகதி மாலை 18:30. பிறகு திகதியை மட்டும் வெட்டி எடுத்தால் 9. அது ஜிராவில் பதிந்து, அங்கிருந்து திரும்ப வந்து, மறுபடி ஒருநாளை இழக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் டீம் ஆளிடம் இதே ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடும், அங்கே நள்ளிரவு யுடிசியில் அதே திகதியின் விடியற்காலைதான். ஆகவே ‘எனக்குச் சரியாகத்தானே வருகிறது’ என்ற பதிலை நம்பவேண்டாம். நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று கணினியில் திருத்துவதாலும் தீராது, அது ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. திகதியைத் திகதியாகவே, பத்து எழுத்துள்ள சொல்லாகவே வைத்திருங்கள், நேரப் பொருளாக மாற்றவே வேண்டாம். மேலே சொன்ன விதிப்படி கடைசித் திகதி டீமுடையது என்று வைத்திருந்தால் நீங்கள் அதைத் திருப்பி அனுப்பவே மாட்டீர்கள், இந்தப் பிழைக்கும் இடமிருக்காது.

தமிழில் எழுதினால் மட்டும் உடைகிறது

மூன்று விதமாக வரும்.

இமாக்ஸுக்குள்ளிருந்தே அனுப்புபவர்களுக்கு ‘மல்டிபைட் டெக்ஸ்ட் இன் எச்டிடிபி ரிக்வெஸ்ட்’ என்று நின்றுவிடும். ஆங்கிலத் தலைப்பு போகும், தமிழ் போகாது. அனுப்பும் சரத்தை முதலில் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றவேண்டும், இமாக்ஸில் அதற்கென ‘என்கோட்-கோடிங்-ஸ்ட்ரிங்’ இருக்கிறது. ஒரு வரித் திருத்தம்.

இரண்டாவது, தமிழ் ஒழுங்காகப் போகிறது, ஆனால் மாறாத தலைப்பை மாறியதாகச் சொல்லி ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிறது. திருகோணமலை என்ற பெயரையே எடுங்கள். அதில் ‘கோ’வின் கொம்பும் காலும் சேர்ந்த குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். முதலாவதில் சொல்லுக்கு 10 குறியீடுகள், இரண்டாவதில் 11. திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். போனின் விசைப்பலகையும் லேப்டொப்பின் விசைப்பலகையும் வேறு வேறாக எழுதுவதால் இது வரலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரியாக்கும் யூனிகோட் முறை) மாற்றினால் சரி. ஆனால் ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டியிருந்தால் என்எஃப்சி உதவாது, அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்தவேண்டும்.

மூன்றாவது, வாடிக்கையாளர் அனுப்பிய வேர்ட் ஆவணத்திலிருந்து ஒட்டிய பகுதி மட்டும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு. இங்கே இன்னும் நிறைய ஆவணங்கள் அதில்தான் வருகின்றன. அது யூனிகோட் இல்லை, எழுத்துருவை மாற்றினால் வேடம் கலைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஒரு மாற்றியில் போட்டு எடுங்கள், சிங்க் ஸ்கிரிப்டில் பிழை தேடவேண்டாம்.

நோட்ஸின் மரம் வெடித்து எங்கும் புதுத் தலைப்புகள்

ஜிராவின் விவரணத்தில் யாரோ நட்சத்திரக் குறி போட்டு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். ஜிராவின் விக்கி எழுத்தில் வரித் தொடக்க நட்சத்திரம் பட்டியல், ஓர்க்கில் அதுவே தலைப்பு. அப்படியே இழுத்தால் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு தலைப்பாகி, உங்கள் குறிப்புகள் தவறான தலைப்பின் கீழே போய்ச் சேரும். இழுக்கும்போது அந்த நட்சத்திரங்களைக் கழித்தல் குறியாக மாற்றுங்கள். விவரணத்துக்குப் பதில் அடைப்புக்குறிகள் நிறைந்த ஜேசன் வந்தால் நீங்கள் ஏபிஐயின் 3ஆம் பதிப்பைக் கேட்கிறீர்கள், 2ஆம் பதிப்பு சாதாரண எழுத்தாகத் தரும்.

ஒவ்வொரு சிங்குக்கும் டீம் முழுக்க மின்னஞ்சல் போகிறது

மாறாததை அனுப்புகிறீர்கள். தமிழ்க் குறியீட்டுப் பிரச்சினை ஒரு காரணம். இன்னொன்று, தலைப்பில் ஓர்க் தானாகப் போடும் ‘[2/5]’ போன்ற முன்னேற்றக் கணக்கு. ஒவ்வொரு சிறு வேலையை டிக் பண்ணும்போதும் அது மாறும், தலைப்பும் மாறியதாகக் கணக்காகும். அனுப்புவதற்கு முன் அதையும் முன்னுரிமைக் குறியையும் டேக்குகளையும் உரித்துவிடுங்கள். அறிவிப்பை அடக்கி அனுப்பும் வசதி ஏபிஐயில் உண்டு, ஆனால் அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும், உங்களிடம் இருக்காது.

எனக்கு மட்டும் எழுதியது டிக்கெட்டில் தெரிகிறது

உடனே சிங்கை நிறுத்துங்கள். அந்தரப்பட்டு விவரணத்தைத் திருத்தினால் போதாது, பழைய வடிவம் டிக்கெட்டின் வரலாற்றில் நிற்கும், கவனிப்பவர்களுக்கு மின்னஞ்சலும் போயிருக்கும். கடவுச்சொல் அல்லது டோக்கன் போயிருந்தால் அதை இரத்துச் செய்து புதிது எடுங்கள், டிக்கெட்டைத் துப்புரவாக்குவது அதற்குப் பிறகு. வாடிக்கையாளரைப் பற்றியோ சக ஊழியரைப் பற்றியோ எழுதிய வரி என்றால், அவர் வாசிப்பதற்கு முன் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது நல்லது, டிக்கெட்டை முழுதாக அழிக்க வேண்டுமா என்று நிர்வாகியிடம் கேளுங்கள்.

ஸ்கிரிப்டில் காரணம் பெரும்பாலும் ஒன்று: தலைப்புக்குக் கீழே இருப்பதை எல்லாம் விவரணமாக அனுப்பு, ‘தனிப்பட்டது’ என்ற டேக் உள்ளதை மட்டும் விடு என்று எழுதியிருப்பீர்கள். டேக் போட மறக்கிற முதல் நாளில் அது கசியும். தலைகீழாக மாற்றுங்கள். ‘ஜிராவுக்கு’ என்ற பெயரில் ஒரு துணைத் தலைப்பு இருந்தால் அதற்குள் இருப்பது மட்டும் போகட்டும், அப்படி ஒன்று இல்லாத டிக்கெட்டுக்கு ஸ்கிரிப்ட் எதுவும் அனுப்பக்கூடாது.